ராக்கெட் ஆல்டிமீட்டருக்கு எந்த பேட்டரி? குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் ஆசை வருவதில் வியப்பில்லை. ஆரல்வாய்மொழி தாண்டினால் ராக்கெட் என்ஜின் சோதிக்கும் மகேந்திரகிரி, மேற்கே போனால் ராக்கெட் ஏவும் தும்பா. கல்லூரி அணியாகச் சேர்ந்து சின்ன ராக்கெட் ஒன்று செய்ய உட்கார்ந்தால், உடல் பகுதியையும் பேராசூட்டையும் பற்றிச் சொல்லித்தர யாராவது கிடைப்பார்கள். உள்ளே இருந்து உயரத்தை அளந்து, உச்சியில் பேராசூட்டைத் திறக்கவைக்கும் ஆல்டிமீட்டருக்கு என்ன பேட்டரி போடுவது என்று கேட்டால் மட்டும், "ஏதாவது ஒரு நைன் வோல்ட் போடு தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கி, வராத கூரியருக்காகக் காத்திருந்து நாங்கள் தெரிந்துகொண்டவை இவை. நீங்களும் அதே அலைச்சல் பட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராக்கெட்டை மேலே உந்தும் மோட்டாரும் பேராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்தும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் கீழே வருகிறவை. அவற்றை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உரிய அனுமதியோடு நடக்கும் போட்டி அல்லது கல்லூரி நிகழ்ச்சி வழியாக மட்டுமே போங்கள். இங்கே பேசப்போவது பேட்டரி மட்டும்.

1. முதலில் கருவியோடு வந்த கையேட்டைப் படியுங்கள்

பேட்டரி கடைக்குப் போவதற்கு முன்னால், ஆல்டிமீட்டரின் கையேட்டிலிருந்து நான்கு விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்:

- குறைந்தபட்ச, அதிகபட்ச வோல்ட்.
- சும்மா காத்திருக்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும்.
- இ-மேட்ச் (கருமருந்தைப் பற்றவைக்கும் மின்திரி) இணைக்கும் முனைகள் எத்தனை ஆம்பியர் வரை தாங்கும்.
- கருவிக்கும் இ-மேட்ச்சுக்கும் ஒரே பேட்டரியா, தனித்தனியா.

அதிகபட்ச வோல்ட்டைப் பார்க்கும்போது பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். 7.4 வோல்ட் என்று போட்டிருக்கும் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), முழுதாக சார்ஜ் ஆனதும் 8.4 வோல்ட் கொடுக்கும். 11.1 என்று போட்டிருக்கும் மூன்று செல் லிப்போ 12.6 கொடுக்கும். 12 வோல்ட்தான் எல்லை என்று கையேடு சொன்னால் மூன்று செல் வேண்டாம்.

2. பேராசூட் திறக்கும் அந்த நொடியை நினைத்துத் தேர்வு செய்யுங்கள்

எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை எம்ஏஎச்?" என்றுதான். எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு; ஆல்டிமீட்டருக்கு அது இரண்டாவது கேள்வி. உயரத்தை அளந்து பதிவு செய்யும் வேலைக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். ராக்கெட் உச்சிக்குப் போனதும் இ-மேட்ச்சைப் பற்றவைக்க வேண்டுமே, அங்கேதான் பேட்டரியின் தரம் தெரியும். பொதுவாகக் கிடைக்கும் இ-மேட்ச்சின் மின்தடை ஓரிரண்டு ஓம்தான். அது உறுதியாகப் பற்ற ஏறத்தாழ ஒரு ஆம்பியர் வேண்டும். காத்திருக்கும்போது இழுப்பதைப்போல நூறு மடங்கோ அதற்கு மேலோ, அதுவும் ஒரு கண்ணிமைப்புக்குள்.

ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளே ஒரு மின்தடை இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாய் ஒடுங்கியிருந்தால் வாளி நிறைய நேரமாகும் அல்லவா, அப்படித்தான். உள்மின்தடை அதிகமாக இருந்தால், இ-மேட்ச் மின்சாரத்தை இழுக்கிற அந்த நேரத்தில் வோல்ட் சரிந்துவிடும். சரிவு கருவியின் குறைந்தபட்ச வோல்ட்டுக்கும் கீழே போனால் ஆல்டிமீட்டர் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ராக்கெட் அப்போது கீழே வந்துகொண்டிருக்கும், கருவியோ ஏவுதளத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். பேராசூட் திறக்காது. தலைகீழாக விழும் ராக்கெட் கீழே நிற்கிறவர்களுக்கு ஆபத்து. பேட்டரிக்காக இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

3. எது ஆகும், எது ஆகாது

*9 வோல்ட் அல்கலைன்.* புதியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். சார்ஜர் வேண்டாம், தீப்பிடிக்கும் பயம் குறைவு, ஒவ்வொரு முறையும் புதியது போட்டுவிடலாம். எடை ஏறத்தாழ 45 கிராம். வாங்கும்போது பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படியுங்கள். 6எல்ஆர்61 என்று இருந்தால் அல்கலைன். 6எஃப்22 என்று இருந்தால் பழைய துத்தநாக-கார்பன் வகை. இரண்டும் ஒரே அளவு, ஒரே கிளிப், இரண்டிலும் 9 வோல்ட் என்றே இருக்கும். கார்பன் வகையின் உள்மின்தடை பல மடங்கு அதிகம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டருக்குப் போடலாம், ராக்கெட்டுக்குப் போடக் கூடாது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னாலும் குறியீட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, 9 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு சிறு செல்கள் தொடராக இருக்கின்றன. சில தயாரிப்புகளில் செல்களுக்கு நடுவே தகடு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். சிலவற்றில் செல்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கும். ராக்கெட் கிளம்பும் அதிர்ச்சியில் இந்த இரண்டாம் வகை ஒரு நொடி தொடர்பு விட்டுப் பிடிக்கலாம். வாங்கிய வகையில் ஒன்றைப் பயன்படுத்தி முடித்த பிறகு மேல்தகட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே தயாரிப்பில் நில்லுங்கள்.

*இரண்டு செல் லிப்போ.* 300 முதல் 500 எம்ஏஎச் வரை. எடை குறைவு, உள்மின்தடை மிகக் குறைவு, வோல்ட் சரிவதே இல்லை என்று சொல்லலாம். சி ரேட்டிங் (கொள்ளளவைப்போல எத்தனை மடங்கு மின்சாரம் கொடுக்கும் என்பது) பெரிதாக இருக்க வேண்டும் என்று மயங்க வேண்டாம். 450 எம்ஏஎச் பேட்டரியில் 25சி என்றால் 0.45 × 25, அதாவது 11 ஆம்பியருக்கு மேல். நமக்கு அதில் கால்வாசி போதும். உண்மையில் அதிகப்படியான ஆம்பியர் ஒரு தொல்லை. இ-மேட்ச் எரிந்தபின் சில நேரம் கம்பிகள் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகும். அப்போது லிப்போ கொட்டும் மின்சாரத்தில் ஆல்டிமீட்டரின் ஸ்விட்ச் சில்லு கருகிவிடலாம். கையேட்டில் லிப்போ பற்றி எச்சரிக்கை இருக்கிறதா, தொடராக ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்கிறதா என்று பாருங்கள்.

*ஒரு செல் லிப்போ.* ராக்கெட் விழுந்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் டிராக்கருக்கு இதுவே வழக்கம். கருவி இதற்கென்றே செய்யப்பட்டிருந்தால் மட்டும் ஆல்டிமீட்டருக்குப் போடுங்கள்.

இனி ஆகாதவை. "ரீசார்ஜபிள் 9 வோல்ட்" என்று விற்கும் நிக்கல் வகை உண்மையில் 7.2 அல்லது 8.4 வோல்ட்தான், கொள்ளளவும் 200 எம்ஏஎச் அருகில்தான். யுஎஸ்பி வைத்த லித்தியம் 9 வோல்ட் பேட்டரிக்குள் வோல்ட்டை மாற்றும் சர்க்யூட் இருக்கிறது, அதிக மின்சாரம் இழுத்தால் அது தானே அணைந்துவிடும். பாதுகாப்புத் தகடு வைத்த 18650 என்ற உருளை லித்தியம் செல்லிலும் அதே சிக்கல். இ-மேட்ச் இழுப்பதை ஷார்ட் என்று நினைத்து அது வெட்டிவிடக்கூடும். பவர் பேங்க் எதிர்த்திசையில் தவறும்: போதுமான மின்சாரம் இழுக்கவில்லை என்று நினைத்துச் சில நிமிடத்தில் உறங்கிவிடும். கார் ரிமோட்டில் போடும் சிறிய 12 வோல்ட் பேட்டரியும் கைக்கடிகாரப் பொத்தான் செல்லும் இ-மேட்ச்சைப் பற்றவைக்காது. உயரத்தை மட்டும் பதிவு செய்யும் குட்டிக் கருவிக்குப் பொத்தான் செல் சரி.

4. எத்தனை எம்ஏஎச்: டிராக்கருக்குத்தான் இந்தக் கணக்கு

ஆல்டிமீட்டர் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால், 500 எம்ஏஎச் பேட்டரியில் ஒரு பகல் முழுக்க ஓடும். டிராக்கர் அப்படியில்லை. ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் சேர்ந்து 120 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஏவுதளத்தில் முறை வர இரண்டு மணி நேரம், விழுந்தபின் தேட மூன்று மணி நேரம். 120 × 5 = 600 எம்ஏஎச். அச்சிட்ட கொள்ளளவில் 70 விழுக்காடுதான் கிடைக்கும் என்று வைத்தால் 857 வருகிறது. ஆக 1000 எம்ஏஎச் வாங்குங்கள்.

தேடும் நேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள். வாழைத்தோட்டத்திலோ தென்னை நெருங்கி நிற்கும் விளையிலோ விழுந்தால், பத்தடி பக்கத்தில் நின்றும் கண்ணில் படாது. டிராக்கர் உயிரோடு இருந்தால்தான் ராக்கெட் கிடைக்கும்.

ஆல்டிமீட்டருக்கு ஒன்று, மாற்று ஆல்டிமீட்டர் வைத்தால் அதற்கு ஒன்று, டிராக்கருக்கு ஒன்று என்று தனித்தனி பேட்டரி, தனித்தனி ஸ்விட்ச். எடை மிச்சம் பிடிக்க இரண்டு ஆல்டிமீட்டரையும் ஒரே பேட்டரியில் மாட்டினால், மாற்று வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

5. எங்கே கிடைக்கும், என்ன செலவு

நல்ல 9 வோல்ட் அல்கலைன் தேடி மின்சாதனக் கடைகளில் அலைவதைவிட, மைக்செட் வைத்திருக்கிறவரிடம் கேளுங்கள். கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் கம்பியில்லா மைக் கொண்டுபோகிறவர்களுக்கு, எந்தக் கடையில் சரக்கு பழையதில்லாமல் கிடைக்கும் என்பது அத்துப்படி. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை எங்கே என்றாலும் இது பொருந்தும். அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கும் சரக்காக எடுங்கள்.

லிப்போ நம் ஊரில் எளிதில் கிடைக்காது. திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் வரவழைக்க வேண்டும். தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். விலை கடைக்குக் கடை மாறும்:

- 9 வோல்ட் அல்கலைன்: 200 முதல் 350 ரூபாய்.
- இரண்டு செல் லிப்போ 450 எம்ஏஎச்: 500 முதல் 900 ரூபாய்.
- டிராக்கருக்கான ஒரு செல் லிப்போ 1000 எம்ஏஎச்: 250 முதல் 450 ரூபாய்.
- பேலன்ஸ் சார்ஜர் (லிப்போவின் செல்களைச் சமமாக சார்ஜ் செய்வது): சாதாரணமானது 300 முதல் 500, திரை வைத்தது 1500-க்கு மேல்.
- மல்டிமீட்டர்: 300 ரூபாயிலிருந்து.
- பேட்டரியைச் சோதிக்க 10 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர்: 20 ரூபாய்க்குள்.

ஒரே ஒரு முறை பறக்கவிடப் போகிறீர்கள் என்றால் அல்கலைன்தான் மலிவு. ஆண்டுக்குப் பல முறை என்றால் லிப்போவும் நல்ல சார்ஜரும் கணக்குக்கு ஒத்துவரும்.

6. கூரியரில் வரவழைப்பது: நாளும் தாளும்

இங்கேதான் எங்களுக்கு அதிக நாள் போனது. தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரிக்கு விமானச் சரக்கில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் பெரும்பாலான விற்பனையாளர்கள் தரைவழியில்தான் அனுப்புவார்கள். "இரண்டு நாளில் வரும்" என்று வலைத்தளம் சொல்வது மற்ற பொருள்களுக்கு. மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே காசு கட்டிவிடுங்கள். கெட்டது வந்தால் மாற்ற ஒரு வாரம் கையில் இருக்கும்.

ஒரு விற்பனையாளர் எங்களுக்கு அனுப்பிய பேட்டரி வீங்கியே வந்தது. பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்திருந்ததால்தான் பணம் திரும்பக் கிடைத்தது. நீங்களும் எடுங்கள்.

வாங்கும்போதே கேட்டு வைக்க வேண்டியவை:

- ஜி.எஸ்.டி. ரசீது. கல்லூரியில் பணம் வாங்கவும் இது வேண்டும். அணியின் பெயரில் போடுவதா, கல்லூரி பெயரிலா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது வெட்டியபின் மாற்றுவது பெரும்பாடு.
- பேட்டரியின் தகவல் தாள்.
- யுஎன் 38.3 சோதனைச் சுருக்கம். லித்தியம் பேட்டரியைக் கொண்டுசெல்வதற்கான சோதனையில் தேறியது என்பதற்கான தாள்.
- இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண். ஐஎஸ் 16046 தரத்தோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணாக உறையில் இருக்கும்.

7. வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

முதலில் கனெக்டரின் துருவம். சிறிய இரட்டை முனை வெள்ளைக் கனெக்டரில் எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது விற்பனையாளருக்கு விற்பனையாளர் மாறும். சிவப்புக் கம்பி சிவப்புக்கு எதிரே இருக்கிறது என்று சும்மா செருகிவிட்டால் ஆல்டிமீட்டர் அந்த நொடியே போய்விடும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கருவியின் பலகையில் அச்சிட்ட கூட்டல் குறியோடு ஒப்பிட்டபின்தான் செருக வேண்டும். மாறியிருந்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக வெளியே எடுத்தால் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகும்.

அடுத்து பாரம் கொடுத்துப் பார்ப்பது. பேட்டரியின் வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, 10 ஓம் ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு நொடி மட்டும் பிடியுங்கள். மல்டிமீட்டர் அப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். புதிய 9 வோல்ட் அல்கலைன் 9.5 அருகில் இருந்து 7.5-க்கும் 8-க்கும் இடையில் வந்து நிற்கும். 7-க்குக் கீழே போனால் ஒதுக்கிவிடுங்கள். நல்ல இரண்டு செல் லிப்போ சிறிதளவுதான் குறையும். கார்பன் வகையை ஒரு முறை இப்படிச் சோதித்துப் பாருங்கள், ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது கண்ணெதிரே தெரியும். ரெசிஸ்டர் சுடும், இடுக்கியால் பிடியுங்கள்.

கடைசியாகக் கருவியோடு சேர்த்து. இ-மேட்ச் இடத்தில் சின்ன டார்ச் பல்பு மாட்டி, ஆல்டிமீட்டரின் தரைச் சோதனையை (பறக்காமலேயே இ-மேட்ச் முனைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது) ஓடவிடுங்கள். பல்பு எரிந்தபின்னும் கருவி அணையாமல் நின்றால் சரி. இந்தச் சோதனையின்போது கருமருந்து அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

8. உள்ளே பொருத்துவது

கிளம்பும்போது பேட்டரி கீழ்நோக்கி அழுந்தும், பேராசூட் விரியும்போது மேல்நோக்கி இழுக்கும். ஆகவே இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும். பேட்டரியின் அடி ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கட்டும். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஜிப் டை. இரட்டைப் பக்க ஒட்டு டேப்பை மட்டும் நம்ப வேண்டாம், நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகிவிடும்.

ஸ்பிரிங் வைத்த பேட்டரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். வேகத்தில் ஸ்பிரிங் அமுங்கி, நொடியில் ஒரு துளி நேரம் தொடர்பு விட்டாலே கருவி அணைந்து தொடங்கும். 9 வோல்ட் கிளிப்பும் தளர்ந்திருந்தால் புதியது வாங்குங்கள். மாட்டியபின் கிளிப்பையும் சேர்த்து டேப் சுற்றிவிடுங்கள். லிப்போவைக் குத்தும்படி திருகு முனை எதுவும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

9. உப்புக்காற்று, வெயில், மின்வெட்டு

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருக்கிறவர்கள் கனெக்டர் முனைகளை அடிக்கடி பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்தால் மின்தடை கூடும், அப்புறம் நல்ல பேட்டரி போட்டும் பயனில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

லிப்போவைப் பூட்டிய காரிலும் பைக் பெட்டியிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சார்ஜ் போடும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பேட்டரி மண்சட்டிக்குள், கீழே ஓடோ சிமென்ட் தரையோ. 450 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.45 ஆம்பியர் வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்தான் மாதாந்திரப் பராமரிப்பு மின்வெட்டு என்று அறிவிப்பு வரலாம், செய்தித்தாளில் பார்த்துவிட்டு அதற்கும் முந்தைய நாளே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

10. ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது

நம் மாவட்டத்தில் ஆளில்லாத பெரிய வெளி குறைவு. எங்கு பார்த்தாலும் வீடும் விளையும்தான். போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. அதனால் போட்டிக்கு வெளியூர்தான் போக வேண்டியிருக்கும்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றால், தனி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே வரவேண்டும், சரக்குப் பையில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். நம்முடையது 7.4 × 0.45 = 3.33 வாட்-மணிதான், கவலையில்லை. ஆனால் சிறிய லிப்போ பலவற்றில் வாட்-மணி அச்சிட்டிருக்காது, கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள். தகவல் தாள், ரசீது, கல்லூரியின் முகப்புத்தாளில் பொருள் பட்டியலோடு ஒரு கடிதம், மூன்றும் கையில் இருக்கட்டும். குழாயும் கம்பியும் சர்க்யூட்டும் ஒரே பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் கேள்வி வரத்தான் செய்யும். கேட்கிறவர் தன் வேலையைச் செய்கிறார். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.

மோட்டார், கருமருந்து, இ-மேட்ச் எதையும் ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது. அவை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடத்துகிறவர்கள் ஏற்பாட்டில் கிடைக்க வேண்டியவை.

11. ஏவும் நாளும் அதற்குப் பிறகும்

காலையில் எல்லா பேட்டரியையும் அளந்து, வோல்ட்டை டேப்பில் எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். அல்கலைன் 9-க்குக் கீழே இருந்தாலோ, லிப்போ செல் ஒன்றுக்கு 3.9-க்குக் கீழே இருந்தாலோ அன்று பறக்க வேண்டாம். முந்தைய முறை பறந்த அல்கலைனை மறுபடி போடாதீர்கள், அதை மல்டிமீட்டருக்குக் கொடுத்துவிடலாம். கருமருந்து வைக்கும்போது பேட்டரி கழன்றே இருக்க வேண்டும். ராக்கெட் ஏவுதளத்தில் செங்குத்தாக நின்று, ஆட்கள் விலகிய பிறகுதான் ஸ்விட்ச்.

பறந்து முடிந்ததும் லிப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். முழு சார்ஜோடு வாரக்கணக்கில் கிடந்தால் வீங்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனது, வீங்கியது, கீழே விழுந்து நசுங்கியது எதையும் மறுபடி சார்ஜ் போட வேண்டாம். அவற்றை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் "லித்தியம்" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் மற்ற சாமான்களோடு சேர்த்து நசுக்கிவிடுவார்கள்.